இருபது கிலோவுக்குக் கீழே

அந்த அறையில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது.
சட்டம். சொல்ல மாட்டேன்.
பெயரைச் சொல்லலாம்: லோர்னா ஓப்ஸ்ட்.
வேலையைச் சொல்லலாம்:
வளைகுடா ஓரத்துக் கோதுமைக் கிடங்கில்
லாரிகளுக்கு எடை போடுவது.
தராசு முள்ளெல்லாம் இல்லை, பச்சை எண்கள்.
இருபது இருபது கிலோவாகத்தான் ஏறும், இறங்கும்.
நடுவில் மிஞ்சுவதை எந்திரம்
கிட்டத்து எண்ணின் பக்கம் தள்ளிவிடும்.
பதினெட்டு வருடமாகத் தள்ளுகிறது.
ஒரு விவசாயியும் அதற்காகச் சண்டைக்கு வந்ததில்லை.

எரிந்தது தபால் நிலையம்.
நாலு ஜன்னல், தகரக் கூரை,
யாரோ யாருக்கோ போட்ட பிறந்தநாள் அட்டைகள்.
பக்கத்து மீன்கடை எரிந்திருந்தால்
வழக்கு மாநிலத்தோடு முடிந்திருக்கும்.
தபால் பெட்டி மத்திய அரசுடையது.
கான்பெராவரை நடக்க அதற்குக் கால் முளைத்தது.

கூண்டில் கெல்வின் ட்ரெகோவன்.
எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. இதையும் சொல்லலாம்.
நகத்தைக் கடித்துக் கடித்துத்
துணுக்கைக் கம்பளத்தில் துப்பினான்.

சாட்சி, ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்,
(எல்லார் முன்பும் சொன்னது, ஆகவே நானும் சொல்கிறேன்)
காலையில் சொன்னார்:
இண்டிகேட்டர் போடாமல் திரும்பியது அந்த வண்டி.
சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னார்:
மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்ததே,
அந்த வெளிச்சத்தில்தான் முகத்தைப் பார்த்தேன்.
இரண்டு வழக்கறிஞர்களும் அடுத்த தாளைப் புரட்டினார்கள்.
என்னிடம் புரட்டத் தாள் இல்லை.

நாலு மணி நேரம்.
இறைச்சிக்கடைக்காரர் எப்போது மனம் மாறினார் என்று சொல்ல மாட்டேன்.
மாறினார் என்றும் நான் சொல்லவில்லை.
தேநீர் ஆறிவிட்டது, அது ரகசியம் ஆகாது.
மறுநாள் கால்பந்து இறுதியாட்டம் என்பது
ஊருக்கே தெரியும்.

நாலு மணி தாண்டினால் பத்துப் பேர் போதும்
என்றது எங்கள் மாநிலச் சட்டம்.
தலைவர் எழுந்தார்.
‘குற்றவாளி. பதினொருவர்.’
நீதிபதி எழுதிக்கொண்டார்.
எழுதி முடித்து அவர் பேனாவை மூடிய
அந்தச் சின்னச் சத்தத்தில்
நான் இருந்தேன்.

ஒன்றரை வருடம் போனது.
அறுவடை மும்முரம், வாயெல்லாம் உமித்தூசி.
லாரிக்காரன் ஒருவன் ஜன்னல் வழியே பேப்பரை நீட்டினான்.
உயர் நீதிமன்றம். ஏழு நீதிபதிகள்.
ஏழு பேரும் ஒரே குரலில் (சிரித்துவிட்டேன்).
அரசியல் சாசனத்தில் ஜூரி என்றொரு சொல் கிடக்கிறதாம்,
நூறு வருடமாக, தோல் உரிக்காமல்.
உரித்துப் பார்த்தால் உள்ளே பன்னிரண்டு சுளை.
பதினொன்றைத் தின்றுவிட்டு
முழுப்பழம் தின்றேன் என்று
எந்த மாநிலமும் சொல்ல முடியாது.
சுளை என்றது நான். அவர்கள் அதையே
நாற்பது பக்கத்துக்குச் சொன்னார்கள்.
தண்டனை ரத்து. மறுவிசாரணை.

என் பெயர் அதில் இல்லை.
‘ஓர் உறுப்பினர் உடன்படாத நிலையில்.’
அவ்வளவே நான்.
வெட்டி வைத்துக்கொள்ளவில்லை.
எடை ரசீதோடு சேர்த்துப்
பேப்பரையும் திருப்பிக் கொடுத்தேன்.

மறுவிசாரணையில் வேறு பன்னிரண்டு பேர்.
ரயில்வேக்காரர் இதற்குள் இறந்திருந்தார்.
மண்ணெண்ணெய் வாங்கிக் கொடுத்தேன் என்று
ட்ரெகோவனின் மைத்துனனே வந்து சொன்னான்.
ஐம்பது நிமிடம்.
பன்னிரண்டு பேருக்கும் ஒரே சொல். குற்றவாளி.

ரொட்டிக் கடை வரிசையில் ஒருத்தி கேட்டாள்,
உன்னால் அரசாங்கத்துக்கு எவ்வளவு செலவு தெரியுமா?
தெரியாது என்றேன்.
அந்த மஞ்சள் விளக்கு எரிந்ததா என்பதும்
எனக்கு இன்றுவரை தெரியாது.
அன்றும் நான் சொன்னது அதுதான்.
பாருங்கள், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன்.

கடைசி லாரி போன ஒரு மாலை
நானே மேடையில் ஏறி நின்றேன்.
அறுபத்தொன்பது கிலோ நான், வீட்டுத் தராசில்.
பச்சை எண் யோசித்து
அறுபது என்றது.
விளக்கை அணைத்தேன், பூட்டைப் போட்டேன்,
மிச்ச ஒன்பது கிலோவையும் தூக்கிக்கொண்டு
கடற்கரைச் சாலையில் வீட்டுக்கு நடந்தேன்.